பிள்ளைகள் தனியே பள்ளிக்கூடம் போக வழி விடுங்கள்

திருகோணமலை மாநகர முதல்வருக்கும் சபை உறுப்பினர்களுக்கும், பட்டினமும் சூழலும் பிரதேச சபையினருக்கும், வீதி அபிவிருத்தி அதிகார சபை, மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களப் பொறியியலாளர்களுக்கும், போக்குவரத்துப் பொலிஸாருக்கும், வலயக் கல்விப் பணிமனைக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

விலாசம் இவ்வளவு நீண்டு போனதற்குக் காரணம் இருக்கிறது. உப்புவெளிப் பக்கமிருந்து ஒரு பதினொரு வயதுப் பிள்ளை டவுனுக்குள் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகிறாள் என்று வையுங்கள். நாலைந்து கிலோமீற்றர் தூரம்தான். அதற்குள் அவள் உங்கள் எல்லோருடைய பொறுப்புக்குள்ளும் புகுந்து வெளியே வந்துவிடுகிறாள். வீட்டு ஒழுங்கை ஒரு சபையுடையது, நிலாவெளி வீதி அதிகார சபையுடையது, இடையில் வருகிற சில வீதிகள் மாகாணத் திணைக்களத்துடையவை, டவுனுக்குள் போனால் மாநகர சபை, சந்தியில் நிற்பது பொலிஸ், பள்ளிக்கூட வாசலில் கல்வித் திணைக்களம். பிள்ளைக்கு இது ஒன்றும் தெரியாது. அவளுக்கு அது பள்ளிக்கூடம் போகிற ஒரே றோட்டு.

நான் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பது பத்து வயது தாண்டிய ஒரு பிள்ளை, பெரியவர் யாரும் கூட வராமல், நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்கூடத்துக்கும் டியூசனுக்கும் கடைக்கும் கடற்கரைக்கும் போய்த் திரும்பி வரக்கூடிய ஊராக திருகோணமலை இருக்க வேண்டும். அதற்கு டவுன் வீதிகளில் வாகன வேகம் மணிக்கு 30 கிலோமீற்றருக்குக் கீழே வர வேண்டும், பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் வாசலுக்கு முன்னால் வாகனமே இருக்கக் கூடாது, நடப்பதற்கு ஒரு பாதை வேண்டும். இந்த மூன்றும் உங்கள் கையில் இருக்கிற விஷயங்கள். பெற்றோர் கையிலும் பிள்ளைகள் கையிலும் இல்லை.

காலை ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் நம் டவுன் பள்ளிக்கூட வாசல் எதிலாவது போய் நின்று பாருங்கள், எது என்று நான் பெயர் சொல்லத் தேவையில்லை, எல்லாம் ஒன்றுதான். பாடசாலை வான் ஒரு பக்கம் நிற்கும், அதைச் சுற்றிக்கொண்டு ஓட்டோ போகும், ஓட்டோவுக்கு இடைவெளியில் மோட்டார் சைக்கிளில் அப்பா, முன்னுக்கு ஒன்று பின்னுக்கு இரண்டு என்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவார், பின்னால் கார் ஹோர்ன் அடிக்கும், இவற்றுக்கு நடுவில் நடந்து வருகிற பிள்ளை வெள்ளைச் சீருடையோடு கான் விளிம்பில் கால் வைத்துப் போகும். கான் மூடி சில இடத்தில் இருக்கும், சில இடத்தில் உடைந்து உள்ளே விழுந்திருக்கும். மாரி காலத்தில், கார்த்திகை மார்கழி மழையில், தண்ணீர் நிரம்பி நின்றால் எது றோட்டு எது கான் என்று பெரியவருக்கே தெரியாது.

இந்த வாகனங்களை ஓட்டி வருவது யார்? நாங்கள்தான், பெற்றோர். றோட்டுக்குப் பயந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு வந்து விடுகிறோம், நாங்கள் கொண்டு வருகிற வாகனத்தால் நடந்து வரும் பிள்ளைக்கு ஆபத்து கூடுகிறது, அதைப் பார்த்து அந்தப் பிள்ளையின் தாயும் அடுத்த மாதம் ஒரு ஓட்டோ பேசிக்கொள்கிறார். இங்கிலாந்தில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1971இல் அங்கே ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பது பேர் தனியே பள்ளிக்கூடம் போனார்கள், 1990இல் அது ஒன்பதாகிவிட்டது. அந்தக் காலத்தில் அங்கே பிள்ளைகள் வீதி விபத்தில் இறப்பது குறைந்தது, உண்மை. ஆனால் வீதி நல்லதாகி அது குறையவில்லை, பிள்ளைகளை வீதியிலிருந்து எடுத்துவிட்டதால் குறைந்தது என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். நாமும் அதே பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறோம், வித்தியாசம் என்னவென்றால் எல்லாப் பிள்ளையையும் எடுத்துவிட நமக்கு வசதி இல்லை. வான் காசு கட்ட முடிந்தவர் பிள்ளை வானில் போகிறது. திருக்கடலூரில் அதிகாலையில் கடலுக்குப் போன அப்பாவின் பிள்ளை, அல்லது வீட்டு வேலைக்கு விடியவே கிளம்பிவிட்ட தாயின் பிள்ளை, நடந்துதான் போகிறது. வீதி கெட்டுப் போனால் முதலில் அடிபடுவது அந்தப் பிள்ளைதான்.

என் மகள் இந்த வருடம் ஆறாம் தரத்துக்கு டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். "அம்மா, நான் சைக்கிளில போறன், எனக்கு ஓடத் தெரியும்தானே" என்று கேட்டாள். அவளுக்கு ஓடத் தெரியும், நன்றாகவே ஓடுவாள். நான் வேண்டாம் என்று சொன்னேன். சொன்னதற்கு நியாயமும் இருந்தது, ஆனால் அந்த நியாயம் அவளைப் பற்றியதல்ல, நிலாவெளி வீதியைப் பற்றியது. நானும் என் தங்கச்சியும் அதே வயதில் இதே ஊரில் சைக்கிளில்தான் போய் வந்தோம், சோதனைச் சாவடிகள் நிறைந்த காலத்தில், அடையாள அட்டைக்குப் பதில் பாடசாலை அடையாளத்தைக் காட்டிக்கொண்டு. சண்டைக் காலத்தில் தனியாகப் போன பிள்ளைகளின் பிள்ளைகள் சண்டை முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகு தனியாகப் போக முடியவில்லை என்றால், அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். பிள்ளைகளுக்கு வீதி ஒழுங்கு சொல்லிக் கொடுங்கள் என்பீர்கள். வருடத்துக்கு ஒரு முறை பொலிஸார் பள்ளிக்கூடத்துக்கு வந்து விழிப்புணர்வுக் கூட்டம் வைக்கிறார்கள், வலப் பக்கம் பார், இடப் பக்கம் பார், மறுபடி வலப் பக்கம் பார் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள், பிள்ளைகளும் ஒப்பிக்கிறார்கள். நல்லது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் கண்பார்வையைச் சோதித்துப் பார்த்தபோது ஒன்று கண்டார்கள்: மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றருக்கு மேல் வேகமாக வரும் வாகனம் தம்மை நோக்கி நெருங்குகிறது என்பதையே அந்த வயதுப் பிள்ளைகளால் நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. வாகனம் கண்ணுக்குத் தெரிகிறது, நெருங்கி வருவது தெரிவதில்லை. பெரியவர்களுக்கு அந்தத் திறன் வளர்ந்திருக்கிறது, பிள்ளைகளுக்கு இன்னும் வளரவில்லை. ஆகவே எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும், எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும், வலம் இடம் பார்த்துவிட்டு "ஒன்றும் வரவில்லை" என்று கால் வைக்கும். பார்க்கவில்லை என்று பிறகு அந்தப் பிள்ளையைக் குறை சொல்வோம்.

வேகக் கணக்கை ஒரு தடவை சேர்ந்து பார்ப்போம், கடினம் இல்லை. நம் நாட்டில் குடியிருப்புள்ள பகுதிகளில் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் 50, ஓட்டோவுக்கு 40 என்று எல்லை இருக்கிறது. 50இல் வரும் ஓட்டுநர் பிள்ளையைக் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி பிடிக்கிறது என்று வைத்தால், அந்த ஒரு வினாடியிலேயே வாகனம் 14 மீற்றர் ஓடிவிடும். பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 14 மீற்றர் வேண்டும், அதுவும் காய்ந்த றோட்டில், நல்ல டயரில். மொத்தம் 28 மீற்றர். அதே ஓட்டுநர் 30இல் வந்தால் 14 மீற்றருக்குள் நின்றுவிடுவார். அதாவது 20 மீற்றர் தூரத்தில் ஒரு பிள்ளை பந்தை எடுக்க ஓடி வந்தால் 30இல் வந்தவர் பிள்ளையைத் தொடாமலே நிற்கிறார், ஏசிவிட்டுப் போகிறார், பிள்ளை வீட்டுக்குப் போகிறது. 50இல் வந்தவர் நிற்கும்போது பிள்ளை வண்டிக்குக் கீழே. வேகம் சராசரியாக நூற்றுக்கு ஒன்று கூடினாலே மரணத்தில் முடியும் விபத்துக்கான ஆபத்து நூற்றுக்கு நாலு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐந்திலிருந்து இருபத்தொன்பது வயது வரை உள்ளவர்களை உலகத்தில் ஆகக் கூடுதலாகக் கொல்வது நோய் இல்லை, வீதி விபத்து என்று சொல்வதும் அதே நிறுவனம்தான். நம் நாட்டில் வருடா வருடம் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதி விபத்தில் இறக்கிறார்கள். 2020இல் ஸ்டொக்ஹோமில் உலக நாடுகளின் அமைச்சர்கள் கூடி, நடப்பவரும் சைக்கிளில் போவோரும் வாகனத்தோடு கலந்து போகிற இடங்களில் 30தான் எல்லை என்று பிரகடனம் எழுதினார்கள், அதே ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச் சபையும் அந்தப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. ஆகவே 30 என்பது நான் வீட்டில் இருந்து யோசித்துக் கண்டுபிடித்த இலக்கம் இல்லை.

நம் ஊர்க்காரருக்கு மெதுவாக ஓட்டத் தெரியாதா? தெரியும். இந்த ஊரில் புள்ளிமான் டவுனுக்குள் நடந்து திரிகிறது. கோட்டைப் பக்கமும் கடற்கரைப் பக்கமும் ஒரு மான் கூட்டம் றோட்டைக் கடந்தால் பஸ் நிற்கிறது, ஓட்டோ நிற்கிறது, வெளியூரிலிருந்து வந்தவர் இறங்கிப் படமும் எடுக்கிறார், யாரும் ஹோர்ன் அடிப்பதில்லை. கட்டாக்காலி மாடு நடு றோட்டில் படுத்தாலும் சுற்றித்தான் போகிறோம். எனக்கு மான் மீது ஒரு கோபமும் இல்லை, அது நம் ஊருக்கு ஒரு அழகு. மான் எப்போது குறுக்கே வரும் என்று தெரியாது என்பதால் அந்த இடத்தில் எல்லோரும் காலை பிரேக்கில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம். பள்ளிக்கூடம் இருக்கிற வீதியில் பிள்ளை எப்போது வரும் என்பது மணிக்கணக்காகவே தெரியும், காலை ஏழரைக்கு முன், பகல் ஒன்றரைக்குப் பின். அங்கே நிற்பதில்லை.

சரி, இனி அலுவலக விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் என்னை ஆகக் கூடுதலாக வருத்துவது. எங்கள் பக்கத்தில் ஒரு பாதசாரிக் கடவை, பூச்சு தேய்ந்து கோடு இருந்த அடையாளமே இல்லை. ஒரு அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், இருக்கச் சொன்னார், கேட்டார், பிறகு அந்த வீதி தங்களுடையது அல்ல என்றார். அவர் சொன்ன இடத்துக்குப் போனேன். அங்கே, வீதி தங்களுடையதுதான், ஆனால் கடவைக்குப் பொலிஸ் சிபாரிசு வேண்டும் என்றார்கள். அடுத்த இடத்தில், பள்ளிக்கூட அதிபர் கடிதம் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். ஒருவரும் முடியாது என்று சொல்லவில்லை, அதுதான் கொடுமை. எல்லோரும் சரி என்றார்கள், கோடு மட்டும் போடப்படவில்லை.

ஏ, பி தர வீதிகள் அதிகார சபைக்கு, சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கு, மிச்சம் உள்ளூராட்சி சபைகளுக்கு என்று பிரித்தது தார் ஊற்றவும் பராமரிப்புச் செலவு பார்க்கவும் வசதியாக இருக்கலாம். பிள்ளை நடந்து போகிற வழியை அப்படிப் பிரிக்க முடியாது. வழியின் ஒரு துண்டு கெட்டிருந்தாலும் முழு வழியும் கெட்டதுதான், ஏனென்றால் நாலு கிலோமீற்றரில் ஒரே ஒரு சந்தி ஆபத்தாக இருந்தால் போதும், தாய் பிள்ளையைத் தனியே விடமாட்டாள். நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் துண்டை மட்டும் சரியாக வைத்திருந்தாலும் பிள்ளைக்கு அதனால் பயன் இல்லாமல் போகலாம்.

பொறுப்பு துண்டு துண்டாகக் கிடந்தால் என்ன நடக்கும் என்பதை இந்த மாவட்டத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், ஆட்களை ஏற்றி நீரைக் கடக்கிற மிதப்புப் பாதை கவிழ்ந்தது. பாலம் கட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தது, மக்கள் கடந்து போக இருந்தது அந்த மிதப்புப் பாதைதான். பள்ளிக்கூடம் போவதற்காக ஏறிய சின்னப் பிள்ளைகள் சீருடையோடு தண்ணீரில் மூழ்கி இறந்துபோனார்கள். அன்றைக்கு எல்லோரும் அழுதோம், கடை அடைத்தோம், யார் அனுமதி கொடுத்தது, யார் கவனித்திருக்க வேண்டும் என்று கேட்டோம். அந்தக் கேள்வியைப் பிள்ளைகள் போவதற்கு முன்னரே கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடலை இப்போது எழுதுகிறேன்.

கண்டி வீதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், டவுன்காரர் அதை மறந்துவிடுகிறார்கள். பாலையூற்று, நாலாம் கட்டை, சீனன்குடாப் பக்கப் பிள்ளைகளுக்கு அதுதான் வீட்டு வாசல். அதில் மா ஆலை லொறி போகிறது, சீமெந்து பவுசர் போகிறது, எண்ணெய்க் குதங்களிலிருந்து பவுசர் போகிறது, கொழும்பு பஸ்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு போகின்றன. நாட்டுக்குச் சாமான் போக வேண்டும், அந்த லொறிகளை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அந்த வீதியை அகலமாக்கி, வழுவழுப்பாகத் தார் போட்டபோது வாகனங்களுக்கு வேகம் கிடைத்தது, பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? நடு வீதியில் ஒரு திட்டு இருந்தால், பிள்ளை ஒரு பக்கத்து வாகனத்தை மட்டும் பார்த்துக் கடந்து, திட்டில் நின்று, மற்றப் பக்கம் பார்த்துக் கடக்கும். பாதி வேலையாகிவிடும் அதற்கு. பள்ளிக்கூடம் உள்ள இடங்களில் கடவையை றோட்டு மட்டத்திலிருந்து கொஞ்சம் உயர்த்திப் போட்டால், ஓட்டுநருக்குப் பலகை படிக்கத் தேவையில்லை, டயர் தானாகவே அவரை மெதுவாக்கும். காலை ஆறே முக்காலிலிருந்து ஏழரை வரையும், ஒன்றரையிலிருந்து இரண்டு வரையும் பார வாகனங்கள் அந்த இடங்களைக் கடக்காமல் நேரத்தை மாற்றிக்கொள்ள ஆலைகளோடு பேசுங்கள். அரை மணித்தியாலத்தில் மா கெட்டுப் போகாது.

அப்புறம் பெண் பிள்ளைகள். இந்த ஊரில் டியூசன் முடிய ஆறரை, ஏழாகிவிடும், நவம்பரில் ஆறு மணிக்கே இருட்டு. மின்குமிழ் எரியாத ஒழுங்கை, ஆளில்லாத வளவு, சந்தியில் கூடி நிற்கிற பொடியன்கள், கட்டாக்காலி நாய்கள். ஒரு தாய் பெண் பிள்ளையைத் தனியே விடாததற்குப் பாதிக் காரணம் வாகனம், மறுபாதி இது. எனக்குத் தெரிந்த வரை ஆட்கள் நடக்கிற வீதிதான் பயமில்லாத வீதி. வெளியே ஒரு கடை, திண்ணையில் ஒரு அப்பப்பா, ஆடிக்கொண்டிருக்கிற சின்னப் பிள்ளைகள், நடந்து போகிற நாலு பேர் இருந்தால் பிள்ளைமேல் கண் இருக்கும். எல்லோரும் வாகனத்தில் ஏறிக்கொண்ட பிறகு வீதியில் வெளிச்சமும் இல்லை, கண்ணும் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது, இந்த ஊர்ப் பெற்றோருடைய பயத்துக்கு வயது அதிகம். 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் இருந்த ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டதை இந்த ஊரில் எந்தத் தாய் மறந்தாள்? பிள்ளை வெளியே போனால் வீடு வரும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் எங்களுக்கு அப்படி வந்தது. அந்தப் பயத்தை எந்தச் சபையாலும் ஒரு தீர்மானத்தால் போக்க முடியாது, தெரியும். மின்குமிழ் மாற்ற முடியும், பற்றையை வெட்ட முடியும். அந்தளவையாவது செய்யலாம்.

வெளிநாட்டில் எல்லாம் பணம் இருக்கிறது, நமக்கு எங்கே என்பவர்களுக்கு இரண்டு இடம் சொல்கிறேன்.

நெதர்லாந்து என்றால் சைக்கிள் நாடு, அது எப்போதும் அப்படித்தான் இருந்தது என்று நினைக்கிறோம். 1971இல் அங்கே ஏறக்குறைய 3,300 பேர் வீதியில் இறந்தார்கள், அதில் 400க்கு மேற்பட்டோர் பிள்ளைகள். அந்த நாடும் அப்போது நம்மைப் போலவே வாகனத்துக்காக வீதியை அகலமாக்கிக்கொண்டிருந்தது. மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் அதைப் பற்றி எழுதினார், பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்றே பெயர் வைத்து ஒரு இயக்கம் தொடங்கியது, தாய்மாரும் பிள்ளைகளும் வீதியில் இருந்து மறித்தார்கள், அந்த வீதிகளிலேயே பிள்ளைகளை விளையாட விட்டார்கள். அரசாங்கம் கேட்டது. இன்று நாம் படத்தில் பார்க்கிற சைக்கிள் பாதைகளுக்குப் பின்னால் அந்தத் தாய்மார் இருக்கிறார்கள்.

மற்றது தான்சானியா, நம்மைவிட வசதி குறைந்த நாடு. தாருஸ்ஸலாம் நகரத்தில் அமெண்ட் என்கிற அமைப்பு, பிள்ளைகள் கூடுதலாக அடிபடுகிற பள்ளிக்கூடங்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் போய், பிள்ளைகள் எந்த வழியாக வருகிறார்கள் என்று நின்று பார்த்தது. பிறகு செய்ததெல்லாம் சின்ன வேலைகள். ஒரு நடைபாதை, ஒரு வேகத்தடை, ஒரு கடவை, வாகனம் ஏறாமல் சில கல் தூண், சில இடங்களில் பெரிய வீதியைப் பார்த்திருந்த பள்ளிக்கூட வாசலை மூடிவிட்டு ஒழுங்கைப் பக்கம் புது வாசல். இதனால் பிள்ளைகள் காயப்படுவது ஏறக்குறைய கால்வாசி குறைந்ததாக அளந்து பார்த்தார்கள். வாசலை மாற்றுவதற்கு ஒரு மேசனும் ஒரு லோட் கல்லும் போதும். நம் டவுன் பள்ளிக்கூடங்களில் எத்தனைக்கு ஒழுங்கைப் பக்கம் ஒரு பின்வாசல் பூட்டுப் போட்டுத் துருப்பிடித்துக் கிடக்கிறது என்று வலயக் கல்விப் பணிமனை பார்க்கலாம். திறந்து, ஒரு ஆசிரியரையோ பெற்றோர் சங்கத்திலிருந்து ஒருவரையோ நிறுத்தினால் போதும்.

வியாபாரிகளும் ஓட்டோக்காரரும் வான்காரரும் கோபப்படுவார்கள் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். அவர்களோடு நான் பேசியிருக்கிறேன். பள்ளிக்கூட வான் ஓட்டுகிற தம்பிமாருக்கு வாசலில் நெரிபடுவது விருப்பமில்லை, ஒரு நூறு மீற்றர் தள்ளி நிறுத்த இடம் ஒதுக்கிக் கொடுத்தால் சந்தோசமாக அங்கே நிறுத்துவோம் என்கிறார்கள், பிள்ளைகள் அந்த நூறு மீற்றரைக் கூட்டமாக நடந்து போகட்டும். பிரதான வீதியிலும் மத்திய வீதியிலும் கடைக்காரருக்கு இருப்பது வேறு கவலை, வாகனம் நிறுத்த இடமில்லாவிட்டால் ஆள் வராது என்று. நடைபாதையில் சாமான் பரப்பி, அதற்கு வெளியே மோட்டார் சைக்கிள் நிறுத்தி, நடக்கிறவரை நடு றோட்டுக்குத் தள்ளுகிற வீதியில் ஆள் எப்படி வரும் அண்ணா? தாய்மார் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று நிதானமாகக் கடை பார்க்கிற வீதியில்தான் வியாபாரம் நடக்கும்.

வீதியை மனிதருக்குக் கொடுக்க நமக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். சிவராத்திரி முடிந்து கோணேசப் பெருமான் நகர்வலம் வருகிறபோது வாகனத்தைத் திருப்பி விடுகிறோம், வீதியைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, நிறைகுடம் வைத்து, தோரணம் கட்டுகிறோம். நவராத்திரிக் கும்பம் எடுக்கிற இரவில் ஊர் முழுக்க வீதியில் நிற்கிறது, கைப்பிள்ளையிலிருந்து கிழவி வரை, நடுச்சாமத்தில், ஒரு பயமும் இல்லாமல். பொலிஸார் நிற்கிறார்கள், சபை விளக்குப் போடுகிறது, மின்சார சபை வருகிறது, இளைஞர் சங்கங்கள் கயிறு பிடிக்கின்றன. அந்த நாட்களில் யாரும் இது யாருடைய வீதி என்று கேட்பதில்லை, எல்லோரும் ஒரே மேசையில் இருந்து திட்டம் போடுகிறீர்கள். பாடசாலை நாட்களில் காலையில் முக்கால் மணித்தியாலம், பகலில் அரை மணித்தியாலம், பள்ளிக்கூட வாசல்களுக்கு முன்னால் நூறு நூற்றைம்பது மீற்றருக்கு அதே ஏற்பாட்டைக் கேட்கிறேன். இரண்டு மரத் தடுப்பு, ஒரு பொலிஸ்காரர், ஒரு பெற்றோர். அந்த வீதியில் குடியிருப்பவர், அம்புலன்ஸ், நடக்க முடியாத பிள்ளையைக் கொண்டு வருபவர் போகட்டும், மற்றவர் சுற்றிப் போகட்டும். ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு தவணைக்குச் செய்து பாருங்கள், சரிவந்தால் அடுத்ததுக்குப் போகலாம்.

30 எல்லையை உட்துறைமுக வீதி, டொக்யாட் வீதி, ஏகாம்பரம் வீதி, வித்தியாலயம் வீதி, உவர்மலை ஏற்றம் எல்லாவற்றையும் சேர்த்து டவுன் முழுவதற்கும் ஒன்றாகக் கொண்டு வாருங்கள், வீதிக்கு வீதி வேறு வேறு பலகை வைத்தால் யாரும் படிக்கமாட்டார்கள். இந்தச் சின்ன டவுனில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 50இல் போவதற்கும் 30இல் போவதற்கும் வித்தியாசம் சில நிமிடம்தான், சந்திகளில் நிற்கிற நேரத்தைக் கணக்கில் எடுத்தால் அதுவும் இல்லை. பலகையோடு விட்டுவிடவும் வேண்டாம். சந்தி மூலைகளை ஒடுக்கி, நேராக நீண்டு கிடக்கிற வீதிகளில் உயர்த்திய கடவை போட்டால்தான் வேகம் உண்மையாகக் குறையும், இல்லாவிட்டால் பொலிஸார் நிற்கிற நாளில் 30, நிற்காத நாளில் 60. சைக்கிளுக்கும் ஓரத்தில் ஒரு கோடு வேண்டும், அதில் வாகனம் நிறுத்தினால் தண்டப் பணம் வேண்டும்.

பிள்ளைகளிடமும் கேளுங்கள். இதுவரை இந்த ஊரில் எந்த வீதி வேலைக்கும் ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் யாரும் கருத்துக் கேட்டதாக நான் அறியேன். எந்தச் சந்தியில் பயம், எந்த மதகடியில் நாய் துரத்தும், எந்த இடத்தில் லொறி திரும்பும்போது ஒதுங்க இடமில்லை என்று அவர்கள் சொல்கிற அளவுக்குத் துல்லியமாக எந்தப் பொறியியலாளரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் பாட நேரத்தில் ஒரு நாள், தாங்கள் வருகிற வழியை வரைந்து பயமான இடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கச் சொன்னால், ஒரு வாரத்தில் முழு டவுனின் வரைபடமும் உங்கள் மேசையில் இருக்கும்.

நாங்களும் சும்மா இருக்கப் போவதில்லை. எங்கள் ஒழுங்கைப் பெற்றோர் சிலர் பேசி வைத்திருக்கிறோம், முறை போட்டு இரண்டு பேர் காலையில் பிள்ளைகளைக் கூட்டமாக நடத்திக்கொண்டு போவது என்று. கடவையில் நிற்கச் சொன்னால் நிற்போம், ஆனால் றோட்டில் வாகனத்தை மறிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை, அதை முறையாகப் பயிற்சி கொடுத்து, ஒரு மேலங்கியும் கைப்பலகையும் தந்து, பொலிஸ் அனுமதியோடு செய்ய வழி பண்ணுங்கள்.

முதல் வேலையாக ஒன்று கேட்கிறேன், அதற்குத் தாரும் வேண்டாம், ஒதுக்கீடும் வேண்டாம். நீங்கள் எல்லோரும் ஒரு நாள் ஒரு மேசையில் இருந்து, டவுனிலும் சுற்றுப்புறத்திலும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வீதிகள் ஒவ்வொன்றுக்கும் நேரே, அது யாருடைய பொறுப்பு, அங்கே கடவை தேய்ந்தால், கான் மூடி உடைந்தால், மின்குமிழ் எரியாவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும், எத்தனை நாளில் செய்வார்கள் என்று எழுதி, பதவிப் பெயரும் தொலைபேசி இலக்கமும் போட்டு, தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு பள்ளிக்கூட வாசலிலும் ஒட்டுங்கள். அடுத்த தவணை தொடங்குவதற்கு முன் அது ஒட்டப்பட்டிருந்தால், மீதியைப் பேச நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
ஆறாம் தரத்துப் பிள்ளை ஒன்றின் தாய்,
திருகோணமலை